மூன்று மூலை ஸ்க்ரூ

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசினால் நீங்கள் என் பேச்சை நடுவில் வெட்டுகிறீர்கள், நான் கோபத்தில் வைத்துவிடுகிறேன், அப்புறம் அண்ணன் இரண்டு பக்கமும் சமாதானம் பேசியே இளைத்துப்போகிறார். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை யாரும் நடுவில் வெட்ட முடியாது.

நீங்கள் அனுப்பிவைத்த குளிர் அறை வந்து சேர்ந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது எங்கள் விவசாயிகள் சங்கத்தில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து நின்றார்கள். வெள்ளைச் சுவர், கூரையில் சோலார் பலகை, உள்ளே ஒரு லாரிச் சரக்கை அடுக்கலாம். தக்காளியை வெயிலில் வைத்துக்கொண்டு, வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்டின காலம் முடிந்தது என்று நினைத்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

அன்று மதியமே அதைப் பிரித்தோம்.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. புது மிஷின் எது வந்தாலும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம். மறுபடி பூட்டிய பிறகுதான் சுவிட்சைத் தொடுவோம். பிரித்தவர் கையில்தான் ஸ்க்ரூ இருக்கும், பூட்டுகிறவரை அது அவர் பொறுப்பு. யாரோ புண்ணியவான் இனாமாகக் கொடுத்த பம்ப் செட் இரண்டு வருஷம் செத்துக் கிடந்த கதைதான் இதற்கெல்லாம் காரணம். வெளிநாட்டிலிருந்து பாகம் வரவேண்டும், காத்திருங்கள் என்றார்கள். பொறுமை போய்த் திறந்து பார்த்தால் அறுந்து கிடந்தது ஒரு ரப்பர் பெல்ட். அதற்குள் இரண்டு விளைச்சல் கருகிவிட்டது.

குளிர் அறையில் எல்லாம் சுலபமாகக் கழன்றது, கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தவிர. அதன் மூடியில் நான்கு ஸ்க்ரூ, ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று மூலைப் பள்ளம். எந்தத் திருப்புளிக்கும் மசியவில்லை. நம் வெல்டர் அக்கா பழைய திருப்புளி ஒன்றின் முனையை அரத்தால் மூன்று மூலையாக ராவி எடுத்துக்கொண்டு வந்தார். மூடியைத் தூக்கினோம். உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம். சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான், மறுபடி பூட்டி சுவிட்சைப் போட்டால் எதுவும் ஓடவில்லை. மூடிக்கு அடியில் குட்டி சுவிட்ச் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். யாராவது திறந்தால் மிஷின் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளுமாம். திறக்கிற எண் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறதாம். அவர்களுக்குப் போன் செய்தால் பாட்டுப் போடுகிறார்கள்.

தக்காளி பழுக்கத் தொடங்கிவிட்டது. நீங்கள் அமைச்சகத்திலிருந்து ஒரு வார்த்தை சொன்னால் அந்த எண் கிடைக்கும். நான் மன்னிப்புக் கேட்கவில்லை அண்ணி, உதவிதான் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
திருப்புளி
(வீட்டில் எல்லோரும் வைத்த பெயர்தானே, வெட்கம் என்ன)


பிப்ரவரி 11

திருப்புளிக்கு,

"அன்புள்ள" என்று எழுதி அடித்துவிட்டேன். கோபம் தணிந்ததும் சேர்த்துக்கொள்கிறேன்.

பெட்டியின் மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததே, "திறக்கக்கூடாது" என்று? படம் வேறு போட்டிருந்தது, கையைக் குறுக்கே வெட்டி. அது அலங்காரத்துக்கு என்று நினைத்தாயா?

இந்தத் திட்டம் எப்படி நடக்கிறது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், மறுபடி சொல்கிறேன். நம்மிடம் பணம் இல்லை. வெளிநாட்டு வங்கி கடன் தருகிறது. அவர்கள் காட்டுகிற கம்பெனியிடம்தான் வாங்கவேண்டும் என்பது வங்கியின் நிபந்தனை. தங்கள் ஆளைத் தவிர வேறு யாரும் திறக்கக்கூடாது என்பது கம்பெனியின் நிபந்தனை. இரண்டுக்கும் தலையாட்டினால் நூறு ஊருக்குக் குளிர் அறை. ஆட்டாவிட்டால் ஒரு ஊருக்கும் இல்லை. சோதனைக்கு முதலில் வந்த ஐந்தில் ஒன்றை உன் ஊருக்குத் தள்ளிவிட்டது நான். "வீட்டுக்காரர் ஊருக்குச் செய்துகொள்கிறாள்" என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். நீ ஒரு மதியம்கூடப் பொறுக்கவில்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள். பூட்டு வேண்டும் என்று கூட்டத்தில் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. பழைய திட்டங்களில் கொடுத்த இயந்திரங்களை ஊர் ஊராகப் போய்ப் பார்த்தவள் நான். ஆளுக்கொரு கை வைத்து, செம்புக் கம்பியை உருவி விற்று, மிச்சக் கூட்டில் கோழி அடைத்திருந்தார்கள். எல்லா ஊரிலும் திருப்புளிகள் இல்லையம்மா. சில ஊரில் கடப்பாரைகள் இருக்கின்றன.

கம்பெனியிடம் கேட்டேன். பூட்டை எடுக்க அவர்கள் ஆள் நேரில் வரவேண்டும், ஏப்ரல் கடைசியில்தான் முடியும் என்கிறார்கள். அறுவடை அதற்குள் முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும். என்னால் ஆனது அவ்வளவுதான். தயவுசெய்து எதையும் தொடாதே.

உன் அண்ணனிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

உன் அண்ணி


பிப்ரவரி 22

அன்புள்ள அண்ணிக்கு (நான் அடிக்கவில்லை),

தொட்டுவிட்டோம்.

முதலில் தோல்வியைச் சொல்கிறேன். டிவி ரிப்பேர்க்காரரும் நானும் பூட்டுப் பலகையை ஒதுக்கிவிட்டு, கம்ப்ரஸருக்கு நேராக இணைப்புக் கொடுக்கப் பார்த்தோம். கம்பியை மாற்றிச் செருகிவிட்டேன். ஒரு பாகம் புகைந்து கருகியது. சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் முதல் பறிப்பை உள்ளே அடுக்கி வைத்திருந்தார்கள். அத்தனையும் அழுகி, தெருமுனைவரை நாறியது. வண்டி வண்டியாகக் குப்பையில் கொட்டினோம். அன்றைக்கு என்னைத் திட்டாதவர் இல்லை. சரியாகத்தான் திட்டினார்கள்.

அடுத்த வாரம் வேறு பாகம் வாங்கிப் போட்டு, பழைய குளிர்பெட்டியிலிருந்து ஒரு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி இணைத்தோம். இந்தத் தடவை ஓடியது. இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ளே போனால் பல் கிட்டுகிறது.

நேற்று கம்பெனியிலிருந்து ஓர் இளம் இன்ஜினீயர் வந்தார். மிஷின் பூட்டியிருப்பதாக அவர்கள் திரையில் தெரிகிறதாம், சோலார் பலகையிலிருந்து கரண்ட் மட்டும் செலவாகிறதாம், அது எப்படி என்று பார்க்க வந்தாராம். ஏப்ரலில்தான் வரமுடியும் என்றவர்களுக்கு நாங்களே சரிசெய்துகொண்டோம் என்றதும் பிப்ரவரியிலேயே வழி தெரிந்துவிட்டது பாருங்கள்! நல்ல பையன்தான். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு, கிளம்பும்போது, "மேடம், வேலை சுத்தமா பண்ணிருக்கீங்க. ஆனா நான் பாக்கலன்னு எழுத முடியாது"ன்னார். "பாத்தேன்னே எழுதுப்பா, அழகா எழுது"ன்னேன்.

கோழி அடைத்த ஊர்களைச் சொன்னீர்கள். அந்த மிஷின்களைப் பற்றி யாராவது அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்தார்களா? தன்னுடையது என்று நினைக்க விட்டார்களா? ஊரான் சொத்து என்றால் கம்பியை உருவத்தான் செய்வார்கள். இங்கே கடன் எங்கள் தலையில், சாவி அவர்கள் கையில். எங்கள் பிள்ளைகள் வளர்ந்து வரி கட்டி அடைக்கப்போகிற கடன் அண்ணி இது. அடைத்து முடித்த பிறகும் அந்த மூடியைத் தொட அவர்களுக்கு உரிமை இருக்காது. இதற்குப் பெயர் வளர்ச்சி என்று நீங்கள் சொல்வீர்களா?

கோபமாகத்தான் எழுதுகிறேன். உங்கள் மேல் இல்லை. கொஞ்சம் உங்கள் மேலும்தான்.

திருப்புளி


மார்ச் 2

திருப்புளிக்கு,

அந்த நல்ல பையனின் அறிக்கை என் மேஜையில் இருக்கிறது. பதினோரு படங்கள். ஒன்றில் நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரிக்கிறாய்.

நிலைமை இதுதான். மார்ச் 22-ஆம் தேதி நூறு ஊர் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. அமைச்சர் வருகிறார், வங்கிக்காரர்கள் வருகிறார்கள். தொழில்நுட்ப ஒப்புதல் என்று ஒரு தாள் உண்டு, அதில் போடவேண்டியது என் கையெழுத்து. அதற்கு முன்னால் உன் விஷயம் முடியவேண்டும் என்கிறது கம்பெனி. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் போதும், மிஷினை உங்களிடமே விட்டுவிட்டு, பூட்டையும் திரும்பப் போட்டுக் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் மிஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள், சேதம் செய்ததாக உன் மேல் வழக்கும் போடுவார்கள்.

கடிதத்தை நானே எழுதிவிட்டேன். இத்துடன் இருக்கிறது. "அறியாமையினால் இயந்திரத்தைத் திறந்துவிட்டோம். நிகழ்ந்ததற்கு மனமார வருந்துகிறோம். இனி எக்காலத்திலும் இத்தகைய செயலில் ஈடுபட மாட்டோம் என உறுதி அளிக்கிறோம்." கீழே நீ கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு ஒன்றும் செய்யவேண்டாம்.

நீ நினைப்பது தெரியும். ஆனால் நீ ஒரு ஊரைப் பார்க்கிறாய், நான் நூறு ஊரைப் பார்க்கிறேன். அந்த நூறு ஊரிலும் காய்கறி அழுகிக்கொண்டிருக்கிறது. பூட்டிய அறையானாலும் அறைதான். உன் வீம்புக்காக அவர்கள் காத்திருக்க வேண்டுமா? என் வேலையும் போகும், அதை விடு.

நிபந்தனையை மாற்ற முடியுமா என்று இயக்குநரிடம் கேட்டும் பார்த்தேன். சிரித்தார். "இனாமாக் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்குறீங்களே"ன்னார். இனாம் இல்லை சார், கடன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்று முழுக்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

கையெழுத்தைப் போடு. உன்னைக் கோர்ட்டு வாசலில் நிற்கவைத்துவிட்டு எனக்குச் சோறு இறங்காது.

உன் அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சங்கத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக்காட்டினேன். மிஷின் எல்லோருடையது, மன்னிப்பும் எல்லோருடையதாகத்தானே இருக்கவேண்டும்.

முதல் வார்த்தையிலேயே வெல்டர் அக்கா எழுந்துவிட்டார். "அறியாமையா? அந்த முனைய ராவி ராவி என் விரல் தேஞ்சு போச்சு, அறியாமைங்கிறாங்க!" டிவி ரிப்பேர்க்காரர் "எக்காலத்திலும்" என்ற இடத்தில் மாட்டிக்கொண்டார். "எக்காலத்திலும்னா நான் செத்த பிறகுமா? அப்பவும் திறக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். எதிர்வீட்டு அம்மா மட்டும் சிரிக்கவில்லை. முதல் பறிப்பில் அதிகம் இழந்தது அவர்தான், என்னோடு பத்து நாள் பேசாமல் இருந்தவர். அவர்தான் கடைசியில் சொன்னார். "நஷ்டப்பட்டது நானு. மன்னிப்புக் கேக்கிறதுன்னா அவ எங்கிட்டக் கேக்கட்டும். கம்பெனிக்காரன் என்னத்த இழந்தான்?"

அவரிடம் கேட்டேன். கம்பெனியிடம் கேட்கமாட்டேன்.

முந்தாநாள் மிஷினைத் தூக்க லாரி வந்தது. பயப்படாதீர்கள், கைகலப்பு எதுவும் இல்லை. முந்தைய சரக்கை நாங்கள் சொன்ன விலைக்கு விற்றுவிட்டதால் அறை காலியாக இருந்தது. காலியாக இருந்தால் சுத்தம் செய்யவேண்டாமா? ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, ஒவ்வொரு வீட்டுக்குத் துடைக்கக் கொடுத்திருந்தோம். கம்ப்ரஸர் வெல்டர் அக்கா பட்டறையில், விசிறி எதிர்வீட்டில், கதவு என் வீட்டு வராந்தாவில். "தாராளமா எடுத்துட்டுப் போங்க, ஆனா வீடு வீடா வந்து வாங்கிக்கணும், ஒவ்வொரு பாகத்துக்கும் ரசீது எழுதித் தரணும்"ன்னோம். வந்த அதிகாரி இரண்டாவது தெருவிலேயே களைத்துவிட்டார். லாரிக்காரர் என்னைப் பார்த்து, "எனக்கென்னம்மா, காலி வண்டி ஓட்டினா டீசல் மிச்சம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். மறுபடி வருவார்கள், தெரியும். இன்று மிஷினைப் பூட்டிவிட்டோம், மறுபடி ஓடுகிறது. ஒரு ஸ்க்ரூ குறையவில்லை.

நூறு ஊர் என்கிறீர்கள். சரி, நூறு ஊருக்காகவே கேட்கிறேன். கையெழுத்துப் போடப்போகிறவர் நீங்கள். அந்தப் பெட்டியின் வயிற்றை நீங்கள் ஒருமுறையாவது பார்த்தீர்களா? நாங்கள் தக்காளி வைக்கும் முன்பே பார்த்தோம். நீங்கள் நாட்டையே வைக்கப்போகிறீர்கள்.

மன்னிப்புக் கடிதத்துக்குப் பதிலாக இந்தப் பார்சலில் வேறொன்று அனுப்புகிறேன். வெல்டர் அக்கா ராவியதுதான். முனை கூர், துணியைப் பார்த்துப் பிரியுங்கள்.

திருப்புளி


மார்ச் 25

திருப்புளிக்கு,

நீ செய்தித்தாளில் பார்த்திருப்பாய். அவர்கள் போட்டது "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக விழா ஒத்திவைப்பு". அந்தத் தொழில்நுட்பக் கோளாறு நான்தான்.

பார்சல் வந்த அன்று அதைத் தூக்கி அலமாரியில் போட்டேன். உன்னை நன்றாகத் திட்டினேன். 22-ஆம் தேதி காலையில் கைப்பைக்குள் அது எப்படி வந்தது என்று கேட்காதே, என் கைதான் எடுத்து வைத்தது. மண்டப வாசலில் காவலாளி பையைப் பார்த்துவிட்டு, "என்ன மேடம் இது?" என்றார். "நாத்தனார் சீதனம்"ன்னேன். பத்து வருஷமாக எனக்கு வணக்கம் சொல்கிற ஆள், சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அவருக்கு ஒரு கஷ்டமும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேடையில் மாலை போட்டுக் குளிர் அறை ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள், பச்சை விளக்கு எரிய. அமைச்சர் பேசினார், வங்கிக்காரர் பேசினார், கம்பெனித் தலைவர் பேசினார். எல்லோரும் "உங்கள் மக்களின் கையில் தொழில்நுட்பம்" என்றே சொன்னார்கள். ஒவ்வொரு தடவை அந்தக் "கையில்" வரும்போதும் எனக்கு அந்தச் சிவப்பு ஸ்டிக்கரும் வெட்டுப்பட்ட கையும்தான் ஞாபகம் வந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு, தாளை நீட்டி, பேனாவைக் கொடுத்தார்கள்.

"திறந்து பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்றேன். கம்பெனித் தலைவர் அழகாகச் சிரித்து, அதற்கு அவசியம் இல்லை, சான்றிதழ் இருக்கிறது என்றார். "சான்றிதழுக்கு நான் ஒப்புதல் தரவில்லை, பெட்டிக்குத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். யாரும் தடுக்கவில்லை. புடவை கட்டிய ஐம்பத்திரண்டு வயது அதிகாரி ஒருத்தி திருப்புளியோடு போனால் என்ன செய்வாள் என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. மூன்றாவது ஸ்க்ரூ கொஞ்சம் அடம் பிடித்தது. மூடியைத் தூக்கினேன்.

டிக்.

சிவப்பு விளக்கு எரிந்தது. "இதைத் திரும்ப ஓட வையுங்கள், இங்கேயே கையெழுத்துப் போடுகிறேன்" என்றேன். அவர்கள் போன் செய்தார்கள். அங்கேயும் பாட்டுதான். அமைச்சர் அரைமணி நேரம் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, "இந்த மாதிரி நூறா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். கையெழுத்து நடக்கவில்லை.

நீ கைதட்டுவதற்கு முன்னால் மிச்சத்தையும் கேள். வங்கி கடனை நிறுத்தி வைத்திருக்கிறது. நூறு ஊரும் இப்போது காத்திருக்கின்றன, அந்த ஊர்க்காரர்கள் என்னைத்தான் சபிப்பார்கள். நான் செய்தது சரியா என்று இன்னும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த "டிக்" சத்தத்தைக் கேட்ட பிறகு அந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறவளாக நான் இருக்க விரும்பவில்லை.

என்னிடமும் மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். பத்து நாளுக்குள் தராவிட்டால் பணி நீக்கம். மாதிரி என்னிடமே இருக்கிறது, நான் எழுதியதுதான். இன்று எடுத்துப் படித்துப் பார்த்தேன். "மனமார" என்ற வார்த்தையை எப்படி எழுதினேன் என்றே தெரியவில்லை.

கம்பெனி ஸ்க்ரூவையும் கேட்கிறது. நான்கும் என் கைப்பையில்தான் இருக்கின்றன. பிரித்தவர் பொறுப்பு என்று நீதானே சொன்னாய்.

உன் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். "எத்தனை ஸ்க்ரூ?" என்றார். நாலு என்றேன். "நீ ஒருத்தியாவா?" என்றார். அவ்வளவு பெருமையாக அவர் என்னைப் பார்த்து ரொம்ப வருஷமாகிவிட்டது.

அண்ணி


மார்ச் 30

அன்புள்ள அண்ணிக்கு,

படித்துவிட்டு அழுதேன். வெல்டர் அக்கா வந்து, "என்னாச்சு, யாருக்கு என்ன?" என்று பயந்துவிட்டார். சொன்னதும் அவரும் அழுதார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

வழக்கு நோட்டீஸ் நேற்று வந்துவிட்டது. வரட்டும். கோர்ட்டில் நீதிபதி முன்னால் அந்தப் பெட்டியைத் திறந்து காட்ட அனுமதி கேட்கப்போகிறோம்.

நீங்கள் என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு தடவை நீங்கள் எனக்காக எழுதிக் கொடுத்தது போதும், நானும் அதே தப்பைச் செய்யவேண்டாம். வேலை போனாலும் நீங்கள் சாப்பிட இங்கே வீடு இருக்கிறது. அந்த நூறு ஊருக்கு என்ன சொல்வது என்று சேர்ந்து யோசிப்போம். பூட்டு இல்லாத அறையை நாமே கட்ட முடியாதா என்று டிவி ரிப்பேர்க்காரர் இரண்டு நாளாகப் படம் போட்டுக்கொண்டிருக்கிறார். பாதிப் படம் தப்பு. மீதியைப் பார்க்க ஆள் வேண்டும்.

திருப்புளி


ஏப்ரல் 2

அன்புள்ள திருப்புளிக்கு,

இன்று காலை பதிலைக் கொடுத்துவிட்டேன். உனக்கும் ஒரு பிரதி எழுதுகிறேன். மாதிரிக் கடிதத்தைப் பயன்படுத்தவில்லை.

"ஐயா, பெட்டியைத் திறந்தது நான். அறிந்தே திறந்தேன். மறுபடி ஒப்புதல் கேட்டால் மறுபடி திறப்பேன். கழற்றிய ஸ்க்ரூக்களில் மூன்றை இத்துடன் இணைத்துள்ளேன். வாங்குகிறவர் திறக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதப்படும் நாளில் நான்காவது தரப்படும்."

படித்துவிட்டு இயக்குநர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஸ்க்ரூ இப்ப எங்க?" என்று கேட்டார்.

உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டேன்.

உன் அண்ணி